அரை இடம் தள்ளி

இல்லை, இது ரி இல்லை, க… அடிக்கோட்டின் மேல் உட்கார வேண்டிய குண்டு கோட்டுக்குக் கீழே போய்த் தொங்குகிறது, மௌஸை ஒரு நூல் அசைத்தால் சுரமே மாறிவிடுகிறது, முப்பத்தேழு வயதில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு இந்த ஐந்து கோட்டுக்குள் எள்ளுப் பொறுக்க வேண்டுமென்று என் தலையில் எழுதியிருக்கிறது, அழி, திரும்பப் போடு, க, க, ப, த, ப… இன்றைக்கென்று பார்த்து ஹட்டனில் மழை பிடித்துக்கொண்டது, இந்த நெட் கடைக்கு வெளியே சனிக்கிழமைக் கூட்டம் குடையோடு குடை இடித்துக்கொண்டு போகிறது, என் குடையைக் கதவு மூலையில் சாய்த்து வைத்தேன், அதிலிருந்து வடிந்த தண்ணீர் இந்த மேசைக்கால் வரைக்கும் வந்துவிட்டது. சுவரில் மணி பத்தரை. பன்னிரண்டுக்குள் பாட்டை அனுப்பிவிட வேண்டும், ஒரு நிமிடம் பிந்தினாலும் ஏற்கமாட்டோம் என்று சுற்றறிக்கையில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள், எங்கள் பாடசாலைக்கு ஒரு ஹார்மோனியம் அனுப்ப ஏழு வருடம் எடுத்தவர்கள், எங்களிடம் நிமிடக் கணக்குப் பேசுகிறார்கள். வலயத்திலுள்ள தோட்டப் பாடசாலைகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு பாட்டு வேண்டுமாம், காலைக் கூட்டத்தில் பாண்ட் வாத்தியத்தோடு பிள்ளைகள் பாட, இசை ஆசிரியர்கள் யாரும் எழுதி அனுப்பலாமாம், தெரிவாகிற பாட்டு அச்சாகி எழுபத்திரண்டு பாடசாலைக்குப் போகுமாம், தலைப்புக்குக் கீழே இசையமைத்தவர் பெயர். அந்தக் கடைசி வரிக்காகத்தான் நான் இங்கே குந்தியிருக்கிறேன்.

எனக்குச் சுரம் தெரியும், ஆசிரியர் கலாசாலையில் மூன்று வருடம் தொடையில் தாளம் தட்டித் தட்டித் தொடை சிவந்தது, இந்தக் கோடும் குண்டும் தெரியாது, ஆனால் பாண்ட் மாஸ்டருக்குச் சுரக் கொப்பி விளங்காதே, அவருக்கு மேல்நாட்டு முறையில் எழுதிக் கொடுக்க வேண்டும், அதுவும் இந்த இணையத்தளத்தில் எழுதி, இங்கிருந்தே அனுப்ப வேண்டும். நெட் கடை நிரஞ்சன் ஞாயிறு தோறும் மாதா கோயிலில் கீபோட் வாசிப்பவர், மீசை வைத்த ஆள், சுள்ளென்று பேசுவார் என்று பயந்தேன், ஆனால் பொறுமையாக ஒரு தாளில் ச-வுக்கு இந்தக் குண்டு, ரி-க்கு இந்தக் குண்டு என்று படம் வரைந்து கொடுத்தார், மோகனத்துக்கு ஐந்து சுரம்தானே, சமாளித்துக்கொள்ளலாம். "டீச்சர், கரண்டு போனாலும் பயப்படாதீங்க, நீங்க போட்டது அங்கயே இருக்கும், அமெரிக்காவுல. எந்தத் தேதி, எத்தன மணி, யாரு பேரு, எல்லாம் எழுதி வச்சிரும். அனுப்பிட்டீங்கன்னா பெறகு ஒருத்தரும் மாத்த ஏலாது" என்றார். நான் இரண்டாம் தரம் கேட்டேன், யாராலும் மாற்ற முடியாதா, பெரிய இடத்து ஆளாக இருந்தாலுமா என்று. "யாராலயும் ஏலாது டீச்சர், ஏன், களவு போயிருமுன்னு பயமா" என்று சிரித்தார். அவருக்கென்ன தெரியும், களவு போய்ப் பத்து வருடம் ஆகிறது.

ப, த, ச, மேல் ச… தொண்ணூற்றொன்பதில் எனக்கு இருபத்தேழு வயது, நியமனம் கிடைத்து இரண்டாவது வருடம், தமிழ்த்தினப் போட்டிக்குக் குழுப்பாட்டு ஒன்று கட்டினேன், வார்த்தையும் நானே, மெட்டும் நானே, 'தேயிலைத் தாயே பசுமலை மகளே தேடிய கல்வி தந்தாயே' என்று பன்னிரண்டு பிள்ளைகளை நிறுத்திப் பாட வைத்தேன். அப்போது இசைக்கு எங்கள் வலயத்தின் சேவைக்கால ஆலோசகர் றமணன் சேர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், பட்டம் பெற்றவர், வெள்ளை முழுக்கைச் சட்டையில் ஒரு பொட்டு இராது, எங்கள் பாடசாலை வாசலில் சேறு மிதிக்கும்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். பாட்டைக் கேட்டார், கண்ணை மூடிக் கேட்டார், அதை மறுக்கமாட்டேன். "ஜீவராணி, எடுப்பை அரை இடம் தள்ளினது நல்லா வந்திருக்கு. ஆர் சொல்லித் தந்தது?" "யாரும் இல்ல சேர், நானாத்தான்." "அப்பிடியோ… அந்தப் பஞ்சமத்திலை நிண்டு இறங்கிற இடமும் வலு வடிவு." பிறகு சில திருத்தம் சொன்னார், கடைசி வரியில் ஒரு சங்கதி கூட்டினார், மாகாணத்தில் முதலாமிடம், அகில இலங்கையில் இரண்டாமிடம், மேடையில் மாலை, நிகழ்ச்சி நிரலில் அச்சு… இசை, திரு. இ. றமணன். என் பெயர் எங்கே என்று தேடினேன், பின்பக்கம் இருந்தது, 'பிள்ளைகளை அழைத்து வந்தவர்' என்று.

மூன்று முறைப்பாடு எழுதினேன், ஒன்று வலயக் கல்விப் பணிமனைக்கு, ஒன்று மாகாணத்துக்கு, ஒன்று அமைச்சுக்கு, மூன்றிலும், தாளத் தட்டு விழுந்த பிறகு பாட்டு தொடங்கக் காத்திருக்கிற அந்த அரை இடத்தைத்தான் சாட்சியாக வைத்தேன், எடுப்பை யார் தள்ளியது என்று அவரே என்னைக் கேட்டாரே, தானே இசையமைத்தவர் அப்படிக் கேட்பாரா, இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பதில் வரவில்லை, இடமாற்றம் வந்தது, லிந்துலைப் பக்கம் ஒரு மலையுச்சிக்கு, பஸ் நிற்குமிடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் ஏறவேண்டும், ஆறு வருடம் ஏறி இறங்கினேன், முழங்கால் போனது அங்கேதான். போகுமுன் பணிமனைப் படிக்கட்டில் அவரை மறித்துக் கேட்டேன், ஏன் சேர் இப்படிச் செய்தீங்க என்று. குரலை உயர்த்தவேயில்லை மனிதர். "மெட்டு எண்டது ஆற்றையும் சொத்தில்லைப் பிள்ளை. உங்கட தோட்டப் பக்கத்துச் சந்தம்தானே அது. நான் செப்பமாக்கினனான், அவ்வளவுதான்." உங்கட தோட்டப் பக்கம்… அந்த வார்த்தையை அவர் சொன்ன விதம் இருக்கிறதே, செருப்பில் ஒட்டியதைத் தட்டிவிடுகிற மாதிரி. அந்தப் படிக்கட்டில் நின்று சபதம் போட்டேன், இனி ஒரு மெட்டும் கட்டமாட்டேன் என்று, அதைக் காப்பாற்றியும் விட்டேன், கட்டாமல் இருப்பதற்குப் பெரிய தவம் ஒன்றும் தேவைப்படவில்லை, மெட்டு ஒன்றும் வந்து கதவைத் தட்டவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது அவர் உதவிக் கல்விப் பணிப்பாளர். இந்தப் போட்டிக்கு மூன்று நடுவர், அதில் அவரும் ஒருவர். சுற்றறிக்கையில் அந்தப் பெயரைப் பார்த்த அன்றைக்கே முடிவுசெய்துவிட்டேன், புதுப் பாட்டு வேண்டாம், அதே பாட்டு, அதே மெட்டு, அதே அரை இடம், வார்த்தையை மட்டும் மாற்றி என் பெயரில் அனுப்பப் போகிறேன், நடுவர்களுக்கும் எங்களுக்கும் முன்னால் பாண்ட் மாஸ்டர் வாசித்துக் காட்டுவார், றமணன் சேர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், மெட்டு யாருடைய சொத்துமில்லை என்ற வாயால் இது என்னுடையது என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது, திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி. எத்தனை இரவு அந்த முகத்தை நினைத்துப் பார்த்திருக்கிறேன், நித்திரையே வராது. இந்த முறை என்னிடம் வெறும் வாய்ப்பேச்சு இல்லை, பெயரும் தேதியும் மணியும் எழுதிவைக்கிற சாட்சி இருக்கிறது. த, ப, க, ரி… பதினோராவது கட்டம் முடிந்தது. இன்னும் ஐந்து.

விரல் விறைக்கிறது, ஈரச் சேலை காலில் ஒட்டுகிறது… காலையில் றொசல்லயில் பஸ் ஏறும்போதே நனைந்துவிட்டேன், ராக்காயி முன்பே ஏறி உட்கார்ந்திருந்தாள், நகர்ந்து இடம் கொடுத்தாள். "என்னா டீச்சர், டவுனுக்கா? லீவு நாளுலயும் வேலயா?" டீச்சர் என்கிறாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒரே வாங்குப் பலகையில் இருந்தவள், அவள் எட்டோடு நின்று தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் பேர் பதிந்துகொண்டாள், நான் படித்தேன், நியமனம் வந்த அன்றைக்கே அவள் வாயில் ஜீவா போய் டீச்சர் வந்துவிட்டது, நான் வேண்டாமென்று ஒரு நாளும் சொல்லவில்லை. ஒரு பாட்டு வேலையா போறேன் என்றேன். "பாட்டா… நல்லது, நல்லது. நான் ஆஸ்பத்திரியில துண்டு காட்டிட்டு பன்னெண்டரை பஸ்ஸுக்கு வந்துருவேன். சீட்டுப் புடிச்சு வைக்கவா?" சரி என்றேன். பிறகு வழி நெடுக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன், எனக்கு அவளோடு ஒரு பழைய வருத்தம், பத்து வருட வருத்தம், அவளுக்குத் தெரியாது.

அந்த வருடம் எங்கள் பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் அந்தப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் மேடையில் நின்று 'தேயிலைத் தாயே' பாடினார்கள், ராக்காயியின் மகளும் அதில் ஒருத்தி, பெற்றோர் எல்லாம் அசையாமல் கேட்டார்கள், பெரிய கணக்கப்பிள்ளைகூடக் கண்ணைத் துடைத்தார், ராக்காயி ஒருத்தி மட்டும் சிரித்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, பெற்ற பிள்ளை பாடும்போது ஒரு தாய் சிரிப்பாளா, என்ன இருந்தாலும் கொழுந்து பறிக்கிற புத்தி என்று நினைத்தேன், ஆம், அப்படித்தான் நினைத்தேன், இதை எழுதிவைத்தால் யாரும் என்னை மதிக்கமாட்டார்கள். முடிந்ததும் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா மாத்திட்டீங்க டீச்சர்" என்றாள். ஒன்றும் விளங்காமல் ஏதோ பேசுகிறாள் என்று கையை இழுத்துக்கொண்டேன். என்னத்தை மாற்றினேனாம்?

சரி, பதினாறு கட்டமும் முடிந்தது, மணி பதினொன்று பத்து. நிரஞ்சன் வந்து எட்டிப் பார்த்தார், "இனி போட்டுக் கேளுங்க டீச்சர், அந்த முக்கோணத்த அமுக்குங்க, தாளத்துக்கு டக்கு டக்குன்னு ஒரு சத்தமும் வரும்" என்று காதுக் கருவியைக் கொடுத்துவிட்டுப் போனார். மாட்டிக்கொண்டேன், அமுக்கினேன்… டக்கும் முதல் சுரமும் ஒன்றாக விழுந்தன. என்ன இது, இவ்வளவு வேகமா, நான் மனதில் பாடுகிற வேகத்தைப்போல் இரண்டு மடங்கு, பியானோச் சத்தம் குறுக்குப் பாதையில் இறங்குகிற பிள்ளைகள் மாதிரி துள்ளிக்கொண்டு ஓடுகிறது, டக்கு டக்கு, என் பாட்டு இல்லை இது, எங்கேயோ பிசகு, நிறுத்தத் தெரியாமல் தேடுகிறேன், அதற்குள் இரண்டாம் வரி வந்துவிட்டது, வாய் அசைகிறது, என் வாய்தான், நான் எழுதிய வார்த்தை அதில் வரவில்லை, 'கண்டாக்கையா கொடையக் காணோம், கவ்வாத்து மலையில தேடுங்க, காணாட்டிப் போனா பரவாயில்ல, கொழுந்துக் கூடையில ஏறுங்க.'

மறுபடி அமுக்கினேன். மறுபடியும் அதுதான். எண்பத்தேழு… எண்பத்தேழாகத்தான் இருக்கும், எனக்குப் பதினைந்து வயது, ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போவேன், புதுக் கொப்பி, சப்பாத்து, அந்த மாதிரிச் செலவுக்கு, ராக்காயி அப்போது பேர் பதிந்து இரண்டு வருடம், என் நிரைக்குப் பக்கத்து நிரை அவளுடையது. மலையில் எங்களிடம் வேலை வாங்கிய கண்டாக்கையா குடையில்லாமல் ஓரடி வைக்கமாட்டார், வெயிலிலும் குடை, மழையிலும் குடை, எங்களுக்குச் சுற்றிக் கட்டிக்கொள்ளப் படங்குச் சாக்கு, ஒருநாள் கவ்வாத்து வெட்டிய மலையில் குடையை வைத்துவிட்டு எங்கே வைத்தோமென்று மறந்து, தொப்பலாக நனைந்து நிரை நிரையாக வந்து எங்களைக் கேட்டார், ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு ராக்காயி இந்தப் பாட்டோடு வந்தாள். மலையே சிரித்தது. யாருடி கட்டுனது என்று கேட்டேன். "நாந்தான், பீலிக்குத் தண்ணி எடுக்கப் போறப்ப தானா வந்துச்சு." நான் கூடப் பாடினேன், 'தேடுங்க' என்கிற இடத்தில் மேலே தூக்கிப் பாடினேன், அவள் கொழுந்துக் கையோடு என் தோளில் அடித்தாள், "அங்க ஏத்தாதடி, நின்னு எறக்கு, ஏத்துனா சிரிப்பு வராது." மூன்று தரம் திருத்தினாள். நின்று இறக்கு… பஞ்சமத்தில் நின்று இறங்குகிற இடம் வலு வடிவு.

இதை எங்கே வைத்திருந்தேன் இத்தனை நாள்? மறந்தேனா, மறைத்தேனா? சத்தியமாக மறந்துதான் போனேன், கலாசாலையில் பொழுதெல்லாம் தியாகம், பக்தி, தாளம் என்று சுற்றியதில் கண்டாக்கின் குடையை யார் நினைத்தார், பிறகு ஒரு நாள் மெட்டு வந்தது, மெதுவாக, கும்பிடுகிற மாதிரி, அரை இடம் தள்ளி வந்தது, அதனால் அடையாளம் தெரியவில்லை, தானாக வந்தது என்று நினைத்தேன், ஆளுக்கு வேட்டி மாற்றிக் கட்டினால் தெரியாமல் போகிற மாதிரி. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கேட்ட உடனே தெரிந்திருக்கிறது. கண்டாக்கின் குடை தேயிலைத் தாயாகி மேடையில் நிற்கிறதைப் பார்த்துச் சிரிக்காமல் என்ன செய்வாள், பெரிய கணக்கப்பிள்ளை கண்ணைத் துடைக்கிறார், அவளுக்குச் சிரிப்பு வராதா? நல்லா மாத்திட்டீங்க டீச்சர். மூன்று முறைப்பாட்டில், அமைச்சு வரை போன ஒன்பது பக்கத்தில், ராக்காயி என்று ஒரு தரம் எழுதியிருக்கிறேனா நான்?

ஆனாலும்… அது என்ன பெரிய பாட்டா, மலையில் பொழுது போகப் பாடுகிறதுதானே, அவளுக்கு ராகம் தெரியுமா, மோகனம் என்று ஒன்று இருப்பது தெரியுமா, அதை எடுத்து ஒழுங்குபடுத்தி ஒரு மேடைக்குக் கொண்டுவந்தது யார், மெட்டென்றால் அது யாருக்கும் சொந்தமில்லை, நம்ம தோட்டத்துச் சந்தந்தானே, நான் அதை… நான் அதை. வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். இந்தப் பேச்சை எங்கே கேட்டேன்? பணிமனைப் படிக்கட்டில் கேட்டேன். ஒரு சொல் கூடக் குறையாமல் வருகிறது, எங்கள் பேச்சில் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பத்து வருடம் ஒரு மனிதனை மனதுக்குள் வைத்துத் திட்டிக்கொண்டே இருந்தால் அவன் பேச்சு நமக்கு வந்துவிடும் போலிருக்கிறது.

"என்னா டீச்சர், சரியா வரலயா?" நிரஞ்சன் பக்கத்தில் நிற்கிறார். காதுக் கருவியைக் கழற்றினேன். எடுப்பு தப்பாக விழுகிறது என்றேன். அவர் குனிந்து பார்த்தார், "மொதல் கட்டத்துல முன்னுக்கு வெத்து எடமே விடலயே நீங்க. பாட்டு எங்க தொடங்கணும்?" தொடையில் தட்டிக் காட்டினேன், தட்டு, அரை இடம், பிறகு பாட்டு. "அந்தச் சும்மா இருக்கிற எடத்தையும் எழுதணும் டீச்சர், இல்லாட்டி அதுக்கு எப்புடி வெளங்கும்?" நியாயம்தான். நாங்கள் கொப்பியில் அதை எழுதுவதேயில்லை, மேலே 'எடுப்பு, அரை இடம்' என்று ஒரு குறிப்பு, அவ்வளவே, தட்டுவது கை, காத்திருப்பது வாய், கம்பியூட்டருக்குத் தொடை ஏது. அவரே ஓர் அடையாளத்தைத் தூக்கி முதல் கட்டத்தின் முன்னால் வைத்தார், ஏழு மாதிரி ஒரு கோடு, தலையில் ஒரு புள்ளி, கவ்வாத்துக் கத்தியைச் சின்னதாக வரைந்த மாதிரி, வேகத்தையும் குறைத்துவிட்டார். அமுக்கினேன். வந்துவிட்டது. டக், ஒரு சின்ன மௌனம், பிறகு தேயிலைத் தாய் கைகூப்பிக்கொண்டு வந்தாள், மரியாதையாக, பிசகில்லாமல். "இப்ப நல்லாருக்கு டீச்சர், கோயில் பாட்டு மாதிரியே இருக்கு" என்றார் நிரஞ்சன். நான் அந்தச் சின்ன ஏழையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு கட்டத்தில் நூற்றுக்குக் கிட்டக் குண்டு, எல்லாம் அவளுடையது. இந்த ஒன்று என்னுடையது, இதில் சத்தம் எதுவும் கிடையாது. றமணன் சேர் அன்றைக்குச் சரியாகத்தான் கேட்டார், எடுப்பைத் தள்ளியது ஆர் என்று, நானும் சரியாகத்தான் சொன்னேன், நான் என்று, மிச்சத்தை அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

பதினொன்று நாற்பது. இனி ஒரு கட்டம்தான் பாக்கி, இசையமைத்தவர் பெயரைக் கேட்டுக் கோடு ஒன்று துடித்துக்கொண்டு நிற்கிறது. அவள் பெயரைப் போட்டால் என்ன? போடலாமே, யார் தடுக்கிறார்? இங்கிலீஷில் எப்படி எழுதுவது, தோட்டத்துச் செக்ரோல் பதிவில் எப்படி எழுதியிருக்கிறார்கள், எட்டு வருடம் பக்கத்தில் இருந்தும் அவள் பெயரை நான் இங்கிலீஷில் எழுதிப் பார்த்ததில்லை, ஆர் என்ற ஓர் எழுத்தைப் போட்டேன், அது தனியாக நின்றது. ஆனால் சுற்றறிக்கையில் தெளிவாகப் போட்டிருக்கிறதே, வலயத்தில் சேவையிலுள்ள ஆசிரியர்களின் சொந்த ஆக்கம் மட்டும் என்று, கொழுந்து பறிக்கிறவள் பெயரைப் பார்த்தால் நடுவர் மூன்று பேரும் பாட்டைக் கேட்காமலே ஒதுக்கிவைப்பார்கள், அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை, றமணன் சேர் நிம்மதியாகத் தேநீர் குடிப்பார். ரெண்டு பேர் பெயரையும் போட்டால்? அதற்கும் இடமில்லை, ஒருவர் என்று போட்டிருக்கிறது. அனுப்பாமல் எழுந்து போய்விட்டால்? போகலாம், யாருக்கும் ஒன்றும் தெரியாது, பத்து வருடம் காத்திருந்தது வீணாகிவிடும், லிந்துலை மலையை ஏறியது வீணாகிவிடும்… எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒதுக்கிப் பார்த்தால் அதுதான் மிஞ்சுகிறது, பாட்டு யாருடையதாக இருந்தாலும் எனக்கு அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். பாட்டு தெரிவாகிவிட்டால், பிறகு அவளிடம் சொல்லிக்கொள்ளலாம், விளக்கிச் சொன்னால் விளங்கிக்கொள்வாள், நல்லவள்தானே. நல்லவள்தான் என்பதால்தானே எல்லோரும்…

ஆரை அழித்தேன். என் பெயரை எழுதினேன், அப்பா பெயரின் முதல் எழுத்தோடு, பிசகில்லாமல், அனுப்பு என்பதை அமுக்கினேன். ஒரு சக்கரம் சுற்றியது, கரண்டு போய்விடாதா என்று கூட ஒரு விநாடி நினைத்தேன், போகவில்லை. திரையில் எழுத்து வந்தது, என் பெயர், தேதி, பதினொன்று ஐம்பத்தாறு. நிரஞ்சன் தோளுக்கு மேலால் பார்த்து, "முடிஞ்சுது டீச்சர், இனி கடவுளே வந்தாலும் மாத்த ஏலாது" என்றார். சாட்சி வேண்டும் சாட்சி வேண்டும் என்று அலைந்தேனே, கிடைத்துவிட்டது, என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். காசைக் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

பஸ் நிலையம் வரை மழையில் நடந்தேன், யாரோ தோளில் இடித்தார்கள், யாரோ சிங்களத்தில் வழிவிடச் சொன்னார்கள், கண்ணாடியெல்லாம் தண்ணீர், எந்த பஸ் என்றே தெரியவில்லை, மனதுக்குள் அது ஓடிக்கொண்டேயிருந்தது, தள்ளாமல், தட்டோடு தட்டாக, வேகமாக, என்னால் நிறுத்த முடியவில்லை. றொசல்ல பஸ் இரைந்துகொண்டு நின்றது. நடுவில் ஒரு ஜன்னலில் ராக்காயியின் முகம், ஆஸ்பத்திரித் துண்டை இன்னும் கையில் வைத்திருக்கிறாள், என்னைக் கண்டதும் ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். பாட்டு வேலை முடிந்ததா என்று கேட்பாள், என்ன சொல்வது, முடிந்தது என்று சொல்வதா… அவள் அதைக் கேட்கவில்லை. என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள், முடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, சேலை முழுக்க ஈரம்.

"என்னா டீச்சர், கொடையக் காணோம்?"

கடையில் கதவு மூலையில் இருக்கிறது, நினைவு வந்தது, அங்கேயே இருக்கட்டும். தெரிந்து கேட்கிறாளா, தெரியாமல் கேட்கிறாளா… முகத்தைப் பார்த்தேன், நன்றாகப் பார்த்தேன், முந்தானை வாயில் இல்லை, உதட்டில் ஒன்றும் இல்லை, ஒரு கையைப் பக்கத்துச் சீட்டின் மேல் வைத்து எனக்காகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பஸ்காரன் ஏறச் சொல்லித் தகரத்தில் தட்டினான். நான் படியில் காலை வைக்காமல் நின்றேன்.